ஆரின்ரை மிருகமோ அவருக்குத்தான்

"மாமா, இது உங்களுக்கு வராது. ஆரின்ரை மிருகமோ அவருக்குத்தான் வரும்" என்று என் மருமகன் சொன்னபோது இரவு எட்டு மணி இருக்கும். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் எங்கள் வீட்டு விறாந்தையில் பாய் விரித்து, சார்ஜ் விளக்கை நடுவில் வைத்துக்கொண்டு, நாங்கள் இருவரும் மஜிக்: த கதரிங் என்ற அட்டை ஆட்டத்தை விளையாடிக்கொண்டிருந்தோம். அவனுக்கு அப்போது 13 வயது.

அவன் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்த அட்டையின் பெயர் சோர்ட்ஸ் டு ப்ளவ்ஷேர்ஸ். 1993 இல் வெளிவந்த முதலாவது தொகுதியிலேயே இருந்த அட்டை அது. ஒரேயொரு வெள்ளை மானாவை (அட்டைகளை இறக்குவதற்கு விலையாகக் கொடுக்கும் ஆற்றலை மானா என்பார்கள்) செலுத்தினால், குறிவைத்த மிருகம் ஒன்றை ஆட்டத்தை விட்டே அகற்றிவிடலாம். (க்ரீச்சர் என்பதை எங்கள் வீட்டில் மிருகம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம், அட்டையில் மனிதர் இருந்தாலும் மிருகந்தான்.) அகற்றிய பிறகு, அந்த மிருகத்தை ஆள்பவர் அதன் பலத்துக்குச் சமமான உயிர்ப்புள்ளிகளைப் பெறுவார் என்று அடுத்த வாக்கியம் சொல்கிறது. நான் அந்த வாக்கியத்தை இரண்டு மாதங்களாக, உயிர்ப்புள்ளி எனக்கு வரும் என்றே வாசித்து வந்திருந்தேன். அன்றும் அவனுடைய 6/6 மிருகத்தை (முதல் எண் பலம், அடுத்தது தாங்குதிறன்) அகற்றிவிட்டு, 4 ஆக இருந்த என் கணக்கை 10 என்று தாளில் திருத்திக்கொண்டிருந்தேன்.

அட்டையை வாங்கி விளக்கருகே பிடித்தேன். இட்ஸ் கொன்ட்ரோலர் என்று தெளிவாக இருந்தது, அதை ஆள்பவர். அந்தச் சொற்களை நான் காணாமல் விட்டிருந்தேன் என்று சொல்ல முடியாது, ஏனெனில் ஒவ்வொரு முறையும் என் கண் அவற்றின் மேலாகத்தான் சென்றிருக்கிறது. ஆனால் மந்திரத்தைச் செலுத்தியவன் நான், ஆகவே பயனும் எனக்கே என்ற முடிவு வாசிக்கத் தொடங்குமுன்பே என்னிடம் இருந்தது. 'அதை' என்ற சுட்டு மிருகத்தைச் சுட்டாமல் மந்திரத்தைச் சுட்டுவதாக எடுத்துக்கொண்டால், மந்திரத்தை ஆள்பவன் நான்தானே என்று எல்லாம் அந்த முடிவோடு ஒழுங்காகப் பொருந்திவிட்டது. பொருந்திய வாசிப்பை யாரும் மீண்டும் சோதித்துப் பார்ப்பதில்லை.

அந்த ஆட்டத்தில் தோற்றேன். பிறகு படுக்கையில் கிடந்தபடி வேறொன்றை யோசித்தேன். நான் வாசித்த அட்டை உண்மையாகவே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதே முதலாவது தொகுதியில் ஹீலிங் சால்வ் என்றோர் அட்டை இருக்கிறது. அதற்கும் ஒரு வெள்ளை மானாதான் விலை. அது தருவது 3 உயிர்ப்புள்ளி, அல்லது 3 புள்ளிச் சேதத்தைத் தடுக்கும் காப்பு. சிவப்பில் லைட்னிங் போல்ட், ஒரு மானாவுக்கு 3 சேதம். பச்சையில் ஜயன்ட் குரோத், ஒரு மானாவுக்கு அந்த முறை (ஆட்டக்காரர் ஒருவர் ஆடும் தடவை) முடியும்வரை ஒரு மிருகத்துக்கு +3/+3. ஒரு மானாவின் பெறுமதி ஏறக்குறைய எவ்வளவு என்று அந்தத் தொகுதியே அருகருகே எழுதிக் காட்டியிருக்கிறது. நான் ஆடிய கற்பனை அட்டையோ ஒரு மானாவுக்கு மிருகத்தையும் அகற்றி, 6 உயிர்ப்புள்ளியையும் எனக்குத் தந்தது. அப்படி ஒன்றை யாரும் அச்சிட்டிருக்க முடியாது என்பதை நான் இரண்டு மாதங்களுக்கு முன்பே கணித்திருக்க வேண்டும். எதிராளிக்குப் போகும் அந்த உயிர்ப்புள்ளிதான் அட்டையின் உண்மையான விலை. மானாவில் வாங்காத மீதிப் பணத்தை அங்கே வாங்குகிறார்கள். விளையாடத் தொடங்கிய நாள் முதல் இந்தத் தொகுதிகளில் விலை எப்படி வைக்கப்படுகிறது என்று எனக்கு விளங்கியதேயில்லை. அது விளங்கியது அந்தப் பிழையான வாசிப்பைக் கடைசிவரை கொண்டுபோய்ப் பார்த்த இரவில்தான்.

மறுநாள் சீ.ஆர். கொப்பி ஒன்றை எடுத்து மூன்று பத்தியாகக் கோடு போட்டேன். முதலாவதில் நான் வாசித்தது, இரண்டாவதில் அச்சில் உள்ளது, மூன்றாவதில் நான் வாசித்தது மெய்யாக இருந்தால் ஆட்டம் என்னவாகும் என்பது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவதெல்லாம் அந்த மூன்றாவது பத்தியைப் பற்றியது.

அட்டைகள் எங்களிடம் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கனடாவில் ஸ்காபரோவில் இருக்கும் பெரியம்மாவின் மகன் ஒரு நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது, சப்பாத்துப் பெட்டி ஒன்று நிறைய அட்டைகளைக் கொண்டுவந்து விதிகளை ஒரு பின்னேரத்தில் சொல்லித் தந்து, பெட்டியை விட்டுவிட்டுப் போனார். ஆளுக்கு 60 அட்டைக் கட்டு, கையில் 7, உயிர்ப்புள்ளி 20, நிலங்களைச் சாய்த்தால் மானா என்ற அளவில் அது நின்றது. பெட்டி அலுமாரியின் மேல் கிடந்தது. 2022 மார்ச் மாதக் கடைசியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டபோதுதான் அதை இறக்கினோம். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில், ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் அப்பாவும் சித்தப்பாமாரும் முந்நூற்றுநான்கு ஆடியதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, இருட்டில் அட்டை பிரிப்பது புதிதான காரியமல்ல.

ஆனால் அந்த ஆட்டத்துக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. முந்நூற்றுநான்கில் ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. ஒரு வகைக்கு 76, நான்கு வகைக்கும் சேர்த்து 304. இதை வாயால் சொல்லிக் கொடுத்தால் போதும், அட்டையில் எழுத்தே தேவையில்லை, பிழையாக வாசிக்க அங்கே எதுவும் இல்லை. மஜிக்கில் இதுவரை 20,000க்கும் மேற்பட்ட வெவ்வேறு அட்டைகள் வந்திருக்கின்றன, ஒவ்வொன்றும் தன் விதியைத் தானே சுமந்துகொண்டு வருகிறது. பொது விதிக்கும் அட்டைக்கும் முரண் வந்தால் அட்டையே வெல்லும் என்பது இந்த ஆட்டத்தின் முதல் விதி. ஆகவே இங்கே வாசிப்பதே ஆடுவது. அந்த வாசிப்பை நாங்கள் இரண்டாம் மொழியில் செய்கிறோம். இந்த அட்டைகள் பல மொழிகளில் அச்சிடப்பட்டாலும் தமிழில் வந்ததில்லை.

கொப்பி பத்துப் பக்கம் தாண்டியபோது என் பிழைகளுக்கு ஒரு சாயல் இருப்பதைக் கண்டேன். ஜயன்ட் குரோத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குறிவைத்த மிருகம் +3/+3 பெறும், இந்த முறை முடியும்வரை என்ற வரிசையில் ஆங்கில வாக்கியம் போகிறது. மருமகன் முதல் வாரத்தில் தன் 1/1 மிருகத்தின் மேல் மூன்று மஞ்சாடிக்கொட்டை வைத்து அதை ஆட்டம் முடியும்வரை 4/4 ஆகவே வைத்திருந்தான், நானும் மறுக்கவில்லை. எங்கள் இருவருக்கும் வாக்கியம் 'பெறும்' என்பதோடு முடிந்துவிட்டது. தமிழில் வினை வந்தால் பேச்சு முடிந்தது. காலம், இடம், நிபந்தனை எல்லாம் அதற்கு முன்பே வந்து சேர்ந்திருக்கும். பிறந்தது முதல் அப்படிக் கேட்டுப் பழகிய காது, வினையைக் கண்டவுடன் மூடிக்கொள்கிறது. ஆங்கில அட்டைகளிலோ வினைக்குப் பின்னால்தான் கடிவாளங்கள் கட்டப்பட்டிருக்கின்றன. முறை முடியும்வரை, நீ ஆளும், எதிராளி ஒவ்வொருவருக்கும், சாய்ந்த நிலையில் என்றெல்லாம் வருபவை வாலிலேயே கிடக்கின்றன. என் கொப்பியில் பாதிக்கு மேற்பட்டவை இந்த வாலை விட்டதால் வந்த பிழைகள். அதன்பின் ஒரு பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன். புதிய அட்டை எதையும் முதலில் தமிழ் வாக்கியமாக வாய்விட்டுச் சொல்வேன். அப்படிச் சொல்லும்போது வாலில் உள்ளதை முன்னுக்குக் கொண்டுவந்தே ஆக வேண்டும், அதை விட்டுவிட்டு வாக்கியத்தைத் தொடங்கவே முடியாது.

முன்னொட்டுகள் அடுத்த தொல்லை. டூம் பிளேட் என்ற அட்டை கறுப்பு அல்லாத மிருகம் ஒன்றை அழிக்கும். தமிழில் 'அல்லாத' என்பது தனிச் சொல்லாக நிமிர்ந்து நிற்கும். ஆங்கில அட்டையில் அது 'நொன்' என்று மூன்றெழுத்தாக நிறத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கறுப்பு அட்டை, கறுப்புச் சட்டகம், உள்ளே கறுப்பு என்ற சொல். கொக்குவிலில் இருந்து வரும் நண்பர் ஒருவர் அதைக் கறுப்பு மிருகத்தைக் கொல்லும் அட்டை என்றே ஒரு மாதம் வைத்திருந்தார். மூன்றாவது பத்தியை நிரப்பியபோது எங்களுக்கு ஒரு விடயம் தெளிந்தது. கறுப்பு நிறம் தன் இனத்தைக் கொல்லத் தயங்குகிறது என்ற எண்ணம் ஆட்டத்தின் தொடக்க காலத்திலிருந்தே அதன் கொலை அட்டைகள் பலவற்றில் இழைந்து வருகிறது. முதலாவது தொகுதியின் டெரர் என்ற அட்டையிலும் அதே 'அல்லாத' இருக்கிறது. இந்த ஆட்டத்தின் ஐந்து நிறங்களுக்கும் குணம் உண்டு, அந்தக் குணம் முன்னொட்டில்கூட ஒளிந்திருக்கும் என்பதை எந்த வழிகாட்டியும் அதுவரை எங்களுக்குச் சொல்லவில்லை.

என்னை மிகவும் வேலை வாங்கியவை இரண்டு அட்டைகள். பிளட் ஆர்ட்டிஸ்ட் 2012 இல் வந்தது, சூலபோர்ட் கட்த்ரோட் 2015 இல் வந்தது. இரண்டும் கறுப்பு, இரண்டுக்கும் விலை 2 மானா, இரண்டும் மிருகம் செத்தால் ஒருவரின் உயிரை ஒன்று குறைத்து உன் உயிரை ஒன்று கூட்டும். பெட்டியில் இரண்டும் இருந்தன. நான் அவற்றை ஒரே அட்டையின் இரு படங்கள் என்றே கருதி, ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை வைத்து ஆடினேன். நான்கு பேர் கூடி ஆடிய ஓர் ஆட்டத்தில் மற்றவர்களின் மிருகங்கள் கூட்டமாகச் செத்தபோது, கட்த்ரோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சாவுக்கும் ஒன்று எண்ணத் தொடங்கினேன். ஒருவர் அட்டையைக் கேட்டு வாங்கினார்.

பிளட் ஆர்ட்டிஸ்ட் எந்த மிருகம் செத்தாலும் இயங்கும்; கட்த்ரோட் நீ ஆளும் மிருகம் செத்தால் மட்டுமே இயங்கும். பிளட் ஆர்ட்டிஸ்ட் குறிவைத்த ஆட்டக்காரர் ஒருவரின் உயிரைக் குறைக்கும்; கட்த்ரோட் எதிராளி ஒவ்வொருவரின் உயிரையும் குறைக்கும். பிளட் ஆர்ட்டிஸ்டின் உடல் 0/1, கட்த்ரோட்டின் உடல் 1/1. இந்த வேறுபாடுகளைக் கொப்பியில் எழுதி, ஒன்றை மாற்றினால் மற்றொன்று என்னாகும் என்று பார்த்துக்கொண்டே போனேன். இருவர் ஆடும் ஆட்டத்தில் 'குறிவைத்த ஆட்டக்காரர்' என்பதும் 'எதிராளி ஒவ்வொருவரும்' என்பதும் பெரும்பாலும் ஒன்றாகவே வந்து நிற்கும். நால்வர் ஆட்டத்தில் முதலாவது ஒருவரை ஒன்று குறைக்கும், இரண்டாவது மூவரையும் ஒவ்வொன்று குறைக்கும். ஆகவே கட்த்ரோட் ஒரு கையால் அகலமாகக் கொடுத்து, 'நீ ஆளும்' என்ற வாலால் மறு கையால் திருப்பி எடுத்துக்கொள்கிறது. இரண்டையும் கலந்து நான் ஆடிய அட்டை, எல்லார் சாவுக்கும் இயங்கி எல்லாரையும் குறைக்கும் ஓர் அட்டை. அப்படி ஒன்று நடுவில் இருந்தால் யாரும் மிருகம் இறக்கமாட்டார்கள், ஆட்டம் நின்றுவிடும். இரண்டு அட்டைகளையும் மேசையில் அருகருகே வைத்து, எது எங்கே குறைக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்த அந்த ஒரு பின்னேரம், நான் வென்ற எந்த ஆட்டத்தையும் விட எனக்குக் கூடுதலாகக் கற்றுத்தந்தது.

பிழையாக வாசிப்பது தொடக்கக்காரருக்கு மட்டும் நேர்வதல்ல என்பதற்கு இந்த ஆட்டத்தின் பிறப்பிலேயே சாட்சி இருக்கிறது. ரிச்சர்ட் கார்ஃபீல்ட் இதை உருவாக்கிச் சோதித்துக்கொண்டிருந்த காலத்தில், தன்னிடம் வெற்றியை உறுதியாகத் தரும் அட்டை ஒன்று இருப்பதாக ஆடியவர் ஒருவர் அவரிடம் கூறினாராம். அப்படி ஓர் அட்டை கிடையாதே என்று பார்த்தபோது, அதில் எதிராளி அடுத்த முறையை இழப்பார் என்ற பொருளில் ஒரு வரி எழுதப்பட்டிருந்தது. ஆங்கிலத்தில் லூசஸ் என்ற ஒரே வினை இழப்பதற்கும் தோற்பதற்கும் நிற்கிறது. ஆடியவர் அதை, எதிராளி அடுத்த முறையில் தோற்றுப்போவார் என்று வாசித்துவிட்டார். அந்த அட்டைதான் பின்னர் டைம் வோக் என்ற பெயரில் அச்சானது, 'இந்த முறைக்குப் பிறகு மேலதிகமாக ஒரு முறை எடுத்துக்கொள்' என்ற பொருளுடைய சொற்களோடு. தமிழில் இந்தத் தடுமாற்றம் நேர்ந்திராது. எங்களுக்கு இழத்தல் வேறு, தோற்றல் வேறு. எங்கள் மொழி எங்களை எல்லா இடங்களிலும் பின்னுக்கு இழுப்பதில்லை என்பதைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்கமாட்டேன்.

சரியாக வாசித்தும் பிழையாவதுண்டு. அல்ஃபா எனப்படும் முதலாவது அச்சில், ஓர்கிஷ் ஒரிஃப்லாம் என்ற சிவப்பு அட்டைக்கு 4 மானாவுக்குப் பதில் 2 மானா என்று விலை அச்சாகிவிட்டது. அது எங்கள் பெட்டியில் இருக்கக்கூடிய அட்டையல்ல. எங்களைக் குழப்பியது அஜானிஸ் பிரைட்மேட். நீ உயிர்ப்புள்ளி பெறும்போதெல்லாம் அதன்மேல் ஒரு +1/+1 காசு (பலத்தையும் தாங்குதிறனையும் ஒவ்வொன்று கூட்டும் அடையாளம்) வைக்கலாம் என்று என்னுடைய பழைய அச்சு சொன்னது. வை என்று நண்பரின் 2019 ஆம் ஆண்டு அச்சு சொன்னது. 'லாம்' இருக்கிறதா இல்லையா என்று இருவரும் அரை மணித்தியாலம் வாதாடினோம், இருவரும் தத்தம் அட்டையைச் சரியாகவே வாசித்திருந்தோம். ஒரே பெயருள்ள எல்லா அச்சுகளுக்கும், வெளியீட்டாளரின் தரவுத்தளத்தில் உள்ள அண்மைய வாசகமே செல்லும், அதை ஒரக்கிள் வாசகம் என்பார்கள் என்று அன்றுதான் அறிந்தோம். என் அட்டையில் மையால் அச்சிடப்பட்டிருந்த 'லாம்' செல்லாது. 'லாம்' இருந்தால் வைப்பதும் விடுவதும் என் விருப்பம். அது இல்லாவிட்டால் வைத்தே ஆக வேண்டும். ஓர் ஈறு நீங்கியதால் விருப்பம் கடமையாகிவிடுகிறது.

இலக்கணம் பேசினால் நிறுத்தக்குறியையும் பேச வேண்டும். அட்டையில் முக்காற்புள்ளி வந்தால் அதற்கு இடப்புறம் உள்ளதெல்லாம் விலை, வலப்புறம் உள்ளதெல்லாம் பயன். விசெரா சீயர் என்ற மிருகத்தில் 'ஒரு மிருகத்தைப் பலியிடு' என்பது புள்ளிக்கு இடப்புறத்தில் இருக்கிறது. என் எதிராளி பலியிடப்போவதாகச் சொன்னவுடன் நான் இடையில் புகுந்து அந்த மிருகத்தைக் கொன்று தடுக்கப் பார்ப்பேன், அவரும் விட்டுக்கொடுப்பார். விலை கொடுக்கும்போது இடையில் யாரும் புக முடியாது. கடையில் பணத்தை நீட்டியவரின் கையைப் பிடிப்பதற்கு விதியில் இடமில்லை, பொருள் வந்து சேருமுன் மட்டுந்தான் மறிக்கலாம். நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர் 19 ஆம் நூற்றாண்டில் தமிழ் உரைநடையில் நிறுத்தக்குறிகளைப் பரவச் செய்தவர் என்று பள்ளியில் மனப்பாடம் செய்திருக்கிறேன். புள்ளியொன்று பொருளை இரண்டாகப் பிளக்கும் என்பதை அவருடைய ஊருக்கு அயலிலேயே வளர்ந்தும், விசெரா சீயரின் முன்னால்தான் கண்ணால் கண்டேன்.

இவையெல்லாம் மேசையில் வெளிப்பட்ட பிழைகள். எனக்கு இன்னும் நெஞ்சில் கிடப்பது வெளிப்படாத ஒன்று. கொக்குவில் நண்பர் ஸ்லிப்பரி போகிள் என்ற சிறிய மிருகத்தை வைத்து ஆடுவார். அதற்கு ஹெக்ஸ்ப்ரூஃப் உண்டு. நான் அதை மந்திரங்களிலிருந்து காப்பு என்று வாசித்திருந்தேன். அவர் அந்த 1/1 மிருகத்தின்மேல் வலுவூட்டும் அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, முறைக்கு முறை என்னை அடித்தார். என் கையில் ராத் ஒஃப் கோட் இருந்தது. எல்லா மிருகங்களையும் அழி என்று கட்டளையிடும் அட்டை. நாலு நிலம் என் முன்னே கிடந்தது, அதற்கு வேண்டிய மானாவும் இருந்தது. அது செல்லாது என்று நம்பி, மூன்று முறை அதைக் கையில் பிடித்தபடியே தோற்றேன்.

ஆட்டம் முடிந்து கையைக் கீழே வைத்தபோது நண்பர் அதைக் கண்டு, "இதை ஏன் போடேல்லை?" என்று கேட்டார். அவருடைய முகத்தில் உண்மையான கவலை இருந்தது. ஹெக்ஸ்ப்ரூஃப் உள்ள மிருகத்தை எதிராளியின் மந்திரமோ ஆற்றலோ குறிவைக்க முடியாது. அவ்வளவே. ராத் ஒஃப் கோட்டில் 'டார்கெட்' என்ற சொல்லே இல்லை. அது யாரையும் சுட்டிக்காட்டுவதில்லை, வெள்ளம் வருவதுபோல் வருகிறது. இருக்கும் சொல்லைப் பிழையாக வாசித்தால் அட்டை மேசைக்கு வரும், எதிராளி கண்டு திருத்துவார். இல்லாத சொல்லை இருப்பதாக வாசித்தால் அட்டை கையைவிட்டு இறங்கவே இறங்காது, யாரும் காணமாட்டார்கள். என் கொப்பியில் ஏறாத பிழைகள் எத்தனை என்று அன்று முதல் நினைத்துக்கொள்கிறேன். அதனால் ஆட்டம் முடிந்ததும் இருவரும் கையில் மிஞ்சிய அட்டைகளை விரித்துக் காட்டி, ஏன் ஆடவில்லை என்று சொல்வதை வழக்கமாக்கினோம். நல்ல கேள்விகள் அந்த ஐந்து நிமிடத்தில்தான் எழுகின்றன.

நண்பர் கேட்டபோது முதலில் நான் பொய் சொல்லப் பார்த்தேன் என்பதையும் எழுதிவிட வேண்டும். பிறகு போடுவோம் என்று வைத்திருந்தேன் என்று வாய் வரைக்கும் வந்தது. எனக்கு 11 வயதாக இருந்தபோது, ஆங்கில வகுப்பில் ஒரு சொல்லைப் பிழையாக வாசித்ததற்காகப் பாடம் முடியும்வரை வாங்கின்மேல் நிறுத்தி வைக்கப்பட்டேன். அதற்குப் பிறகு ஆங்கிலத்தில் எதை வாசித்தாலும் சத்தமில்லாமல் வாசிப்பது, விளங்காவிட்டால் தலையாட்டுவது என்று பழகிவிட்டேன். வங்கிப் படிவம், மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாள், விசா விண்ணப்பம் என்று எல்லாவற்றிலும் அந்தத் தலையாட்டல் எனக்குத் தொடர்ந்தது. எங்கள் ஊரில் என் வயதையொத்த பலருக்கு இது உண்டு என்பதை நான் அறிவேன். ஆங்கிலம் பிழைத்தால் அறிவே பிழைத்ததாக எண்ணிக் கூசுகிறோம், கூசியதால் கேட்காமல் விடுகிறோம், கேட்காததால் அதே பிழை பல வருடங்களுக்கு உள்ளேயே இருந்துவிடுகிறது.

என் மருமகனுக்கு அந்தக் கூச்சம் இல்லை. புதிய அட்டை வந்தவுடன் அதை உரக்க வாசிக்கிறான், உச்சரிப்பு பிழைத்தாலும் தொடர்ந்து போகிறான், நடுவில் நின்று "மாமா, இதிலை 'அனதர்' எண்டு கிடக்கு, அப்ப தன்னைச் சேர்க்கேலாது என்ன?" என்று கேட்கிறான். அவனைப் பார்த்துத்தான் எங்கள் கூட்டத்தில் ஒரு விதி வந்தது. இப்போது நாங்கள் ஐந்து பேர். யாராவது ஓர் அட்டையை அன்று முதல் தடவையாக இறக்கினால், அதை முழுவதும் வாய்விட்டு வாசித்து, எதிராளியின் கையில் கொடுத்து, அவர் திருப்பித் தந்த பின்னரே ஆட்டம் தொடரும். பிழை ஆட்டத்தின் நடுவில் தெரிந்தால், ஒரு படி பின்னுக்குப் போக முடிந்தால் போவோம். முடியாவிட்டால் நடந்ததை அப்படியே விட்டு, அந்த இடத்திலிருந்து சரியாக ஆடுவோம். யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை, கொப்பியை எடுக்க வேண்டும்.

ஸ்காபரோ அண்ணாவுக்கு இந்தக் கொப்பியைப் பற்றித் தொலைபேசியில் சொன்னபோது அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, சோர்ட்ஸ் டு ப்ளவ்ஷேர்ஸ் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பும்படி கேட்டார். அனுப்பினேன். அவருக்கு அந்த அட்டையைச் சொல்லிக் கொடுத்தவரும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாராம்.

சென்ற வெள்ளிக்கிழமை நடந்ததை எழுதி நிறுத்துகிறேன். என்னிடம் டார்மகோய்ஃப் இருந்தது. அதன் பலம், எல்லாச் சுடலைகளிலும் உள்ள அட்டைகளில் எத்தனை வகை இருக்கிறதோ அத்தனை. தாங்குதிறன் அதைவிட ஒன்று கூட. (கிரேவ்யார்டை நாங்கள் சுடலை என்கிறோம்.) இந்த அட்டை ஏற்கனவே கொப்பியில் இரண்டு தடவை ஏறியிருக்கிறது: ஒரு தடவை 'எல்லா' என்பதை 'என்' என்று வாசித்ததற்காக, மறு தடவை வகைகளை எண்ணாமல் அட்டைகளை எண்ணியதற்காக. அன்று இருவருடைய சுடலையிலும் சேர்த்து நிலமும் மிருகமுமாக இரண்டு வகை மட்டுமே கிடந்தன. ஆகவே அது 2/3. மருமகன் லைட்னிங் போல்ட்டை அதன்மேல் வைத்து, "மூண்டு. செத்துது" என்றான். நானும் அட்டையைத் தூக்கச் சுடலைப் பக்கம் கையைக் கொண்டுபோய்விட்டேன்.

அவன்தான் மறித்தான். "பொறுங்கோ மாமா. போல்ட் இப்ப எங்கை?"

போல்ட் தன் வேலையை முடித்தவுடன் சுடலைக்குப் போகிறது. மிருகம் செத்ததா என்று ஆட்டம் பார்ப்பது அதற்குப் பிறகுதான். பார்க்கும் அந்த நேரத்தில் சுடலையில் இன்ஸ்டன்ட் என்ற மூன்றாவது வகை வந்து கிடக்கிறது. 2/3 ஆக அடிவாங்கிய டார்மகோய்ஃப் 3/4 ஆக நிற்கிறது, அதன்மேல் சேதம் 3. சாகவில்லை. தன் அட்டையைத் தானே வீணாக்கியதைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் அவன் எழுந்து நின்றுவிட்டான். நான் கொப்பியை எடுத்து மூன்று பத்தியையும் பார்த்தேன். இருவரும் இரண்டு அட்டைகளையும் எழுத்துப் பிசகாமல் வாசித்திருந்தோம். முதலாவது பத்தியில் எழுத எதுவும் இல்லை. அவன் பேனையை வாங்கி, தன் கையெழுத்தில், கரையோரமாக நாலாவது கோடு ஒன்றை இழுத்து அதன் தலைப்பில் 'எப்போது' என்று எழுதினான்.